கேமரா மெமரி கார்டு: எத்தனை நாள் உழைக்கும், எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு மெமரி கார்டை எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ‘ரெண்டு வருஷத்துக்கு மேல நம்பாதீங்க’ என்பார் ஒருவர். இன்னொருவர் எப்போதோ வாங்கிய 8 ஜிபி கார்டை எடுத்துக் காட்டி, ‘இன்னும் ஓடுது பாருங்க’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. கார்டின் ஆயுளுக்கு வருஷக் கணக்கு சரிப்படாது. அதில் எத்தனை முறை எழுதி, எத்தனை முறை அழித்தோம் என்பதே கணக்கு. அதைப் போட்டுப் பார்த்தால், போட்டோ எடுப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை என்பது தெரியவரும். ஆனாலும் கார்டுகள் போகின்றன, படங்கள் தொலைகின்றன. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் கார்டின் உள்ளே ஒரு பார்வை.

உள்ளே நடப்பது

கார்டுக்குள் சுழலும் தட்டு எதுவும் கிடையாது, காந்தத்தில் பதிவதும் கிடையாது. இருப்பது ஃபிளாஷ் மெமரி என்ற சிலிக்கான் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு இது. முதல் வடிவத்தை அவர் 1984இல் அறிவித்தார். இன்றைய கார்டுகளில் இருக்கும் ‘நேண்ட்’ வகை 1987இல் வெளிவந்தது. நாம் கையில் வைத்திருக்கும் எஸ்டி கார்டை 1999இல் சான்டிஸ்க், தோஷிபா, அப்போது மட்சுஷிதா என்ற பெயரில் இருந்த பானாசோனிக் மூன்றும் சேர்ந்து அறிவித்தன.

அந்தச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் மின்கடத்தாப் படலம் ஒன்றின் பின்னால் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். எவ்வளவு மின்னூட்டம் உள்ளே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே பதிந்திருப்பது பூஜ்யமா ஒன்றா என்று கார்டு படிக்கிறது. மின்சாரம் நின்றாலும் எலெக்ட்ரான்கள் அங்கேயே இருக்கும். அதனால்தான் கார்டைக் கழற்றிப் பையில் போட்டாலும் படங்கள் அப்படியே இருக்கின்றன.

எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்களை அந்தப் படலத்தின் வழியாகவே உள்ளே தள்ளி, வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் படலம் துளித்துளியாகக் கெடுகிறது. போகப் போக எலெக்ட்ரான்களைப் பிடித்து வைக்க அதனால் முடிவதில்லை. கார்டின் தேய்மானம் என்பது இதுதான். எழுதிய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இப்படித் தேய்வதில்லை.

ஒரு செல்லில் எத்தனை பிட் அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறும். ஒரே ஒரு பிட் வைக்கும் பழைய, விலை கூடிய வகை சுமார் 1,00,000 முறை எழுதி அழிக்கத் தாங்கும். இரண்டு பிட் என்றால் சில ஆயிரம் முறை. இன்றைக்குப் பரவலாக இருக்கும் மூன்று பிட் வகை சுமார் 1,000 முதல் 3,000 முறை. நான்கு பிட் வகை அதற்கும் கீழே. ஒரே அளவு இடத்தில் அதிக ஜிபி, குறைந்த விலை என்று நாம் கேட்டதற்குக் கொடுத்த விலை இது. உங்கள் கார்டு எந்த வகை என்று அட்டையில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பது மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். சிலேட்டில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் மற்ற வரிகளை வேறு சிலேட்டில் எழுதிவைத்துவிட்டு முழுச் சிலேட்டையும் துடைக்க வேண்டும் என்பது போல. இந்த வேலைகளையெல்லாம் பார்ப்பது கார்டுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் என்ற குட்டிச் செயலி. ஒரே தொகுதி அடிக்கடி தேயாமல் வேலையைப் பரவலாகப் பங்கிடுவது, கெட்டுப்போன தொகுதியை ஒதுக்கி உபரித் தொகுதியை அந்த இடத்தில் வைப்பது, படிக்கும்போது வரும் சிறு பிழைகளைத் திருத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது. கன்ட்ரோலரே கெட்டுப்போனால் செல்கள் அத்தனையும் நன்றாக இருந்தும் கார்டு செத்தது போலக் கிடக்கும். முந்தின நாள் வரை நன்றாக ஓடிய கார்டு திடீரென்று எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கல்யாணக் கேமராவும் வாசல் கேமராவும்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கல்யாண போட்டோகிராபர் 64 ஜிபி கார்டு ஒன்றை வாரத்துக்கு இரண்டு முறை முழுதாக நிரப்பி அழிக்கிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் முறை. ஆடியும் மார்கழியும் போனால் நூறுகூட வராது. கார்டு வெறும் 500 முறைதான் தாங்கும் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்து வருஷம் ஓடும். 1,000 என்றால் பத்து வருஷம். அதற்குள் அவர் கேமராவையே மாற்றியிருப்பார். குடும்பத்தோடு ஊட்டிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போகும்போது மட்டும் கேமராவை எடுப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அதே கார்டு வகையை வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் கண்காணிப்பு கேமராவில் போடுங்கள், கதையே வேறு. நொடிக்கு 4 மெகாபிட் பதிவு செய்யும் கேமரா என்றால் நொடிக்கு அரை எம்பி. ஒரு நாளைக்கு 43 ஜிபி. 32 ஜிபி கார்டு தினமும் ஒருமுறைக்கு மேல் நிரம்பி, பழையது அழிந்து, மீண்டும் நிரம்பும். ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 490 முறை. போட்டோகிராபரின் கார்டு ஐந்து வருஷத்தில் பார்த்த வேலையை இது ஒரே வருஷத்தில் பார்த்துவிடுகிறது. காரில் மாட்டும் டேஷ்கேமுக்கும் இதே நிலைதான், கூடவே கண்ணாடிக்குப் பக்கத்து வெயில் வேறு. இந்த இரண்டுக்கும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்ட கார்டுகள் தனியாக விற்கின்றன. எத்தனை மணி நேரப் பதிவு தாங்கும் என்று அதன் அட்டையிலேயே எழுதியிருப்பார்கள். அங்கே அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை. கையில் பிடித்துப் படமெடுக்கும் கேமராவுக்கு அது தேவையும் இல்லை.

ஆக, கேமரா கார்டுகள் எழுதி எழுதித் தேய்ந்து போவது அபூர்வம். படங்கள் தொலைவது அவசரத்தில் கழற்றுவதால், போலியை வாங்குவதால், கம்ப்யூட்டரில் எதையோ அழுத்துவதால்.

சிவப்பு விளக்கு

இருப்பதிலேயே அதிகச் சேதம் செய்வது எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவது. முகூர்த்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கெட்டிமேளம் கெட்டிமேளம்’ என்று குரல் வந்ததும் விரல் ஷட்டரை விடாது. மூன்று முடிச்சும் முடிவதற்குள், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ வகைப் படங்கள் ஐம்பது விழுந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 25 எம்பி என்றால் மொத்தம் 1,250 எம்பி. கார்டு நொடிக்கு 80 எம்பி வேகத்தில் வாங்கிக்கொண்டாலும் எழுதி முடிக்க 15 நொடிக்கு மேல் ஆகும். அதுவரை படங்கள் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் வரிசையில் நிற்கும். கார்டு மூடிக்குப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் அட்சதை போட்டு முடித்த பிறகும் எரியும்.

அந்த விளக்கு எரியும்போது மூடியைத் திறந்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ வரிசையில் நின்ற படங்கள் போகும். போவது அவை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கார்டில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணை ஒன்று உண்டு. கேமரா அதைத் திருத்திக்கொண்டிருந்த நேரமாக இருந்தால், காலையில் எடுத்த நலங்குப் படங்களும் சேர்ந்து காணாமல் போகலாம். பாதி எழுதிய ஜேபெக் படத்தைத் திறந்தால் மாலையும் முகமும் சரியாக வந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் ஒரே சாம்பல் பட்டையாக இருக்கும். வீடியோ இன்னும் மோசம். எம்பி4 என்ற வீடியோ கோப்பு வகையின் உள்ளடக்கக் குறிப்பைப் பல கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. அதற்கு முன் மின்சாரம் போனால் அரை மணி நேரப் பதிவு கார்டில் இருந்தும் எந்த பிளேயரிலும் ஓடாது. அதற்கென்று இருக்கும் ரிப்பேர் மென்பொருள்களை நாட வேண்டும்.

எனவே விளக்கு அணையட்டும், கேமராவை ஆஃப் செய்யுங்கள், அப்புறம் கார்டைத் தொடுங்கள். பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் ‘இன்னும் நாலு படம்’ என்று இழுக்க வேண்டாம். கம்ப்யூட்டரிலும் இதே விதிதான். ‘இஜெக்ட்’ கொடுத்துவிட்டு எடுங்கள். காப்பி முடிந்துவிட்டது என்று திரையில் காட்டினாலும் பின்னால் ஏதாவது எழுதிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

அழிப்பதும் ஃபார்மேட் செய்வதும்

அடிக்கடி ஃபார்மேட் செய்தால் கார்டின் ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறையாது. கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் கொடுத்தால் அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. மொத்தக் கார்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 64 ஜிபி கார்டு சில நொடியில் ஃபார்மேட் ஆகிவிடுவது எப்படி என்று யோசித்தாலே விஷயம் விளங்கும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நிகழ்ச்சி முடிந்து, படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகு, எந்தக் கேமராவில் போடப் போகிறீர்களோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்ல பழக்கம். கம்ப்யூட்டரில் செய்தால் சில தொல்லைகள் வரும். கோப்புகளை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. விண்டோஸில் தவறுதலாக என்டிஎஃப்எஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கேமரா அந்தக் கார்டை ஏற்காது. எஸ்டி கார்டுகளின் விதிப்படி 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் 2 டிபி வரை எக்ஸ்ஃபேட். ஃபேட்32 முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால்தான் 32 ஜிபி கார்டில் நீளமான வீடியோ துண்டு துண்டாகப் பதிவாகிறது. அது கோளாறு இல்லை. கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும் என்றால் எஸ்டி கார்டு விதிகளை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகக் கொடுக்கும் ஃபார்மேட்டர் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கார்டில் இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் அவை கார்டுக்குள்ளேயே ஒளிந்த ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். ‘எல்லாத்தையும் அழிச்சுட்டேன், ஆனாலும் கார்டு ஃபுல்னு காட்டுது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

கேமராவிலேயே ஒவ்வொரு படமாகப் பார்த்து அழிப்பது கார்டைக் கெடுக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சின்னத் திரையில் அவசரமாகப் பார்த்து நல்ல படத்தையே அழித்துவிடும் அபாயம் இருக்கிறது. அங்கங்கே அழித்து அங்கங்கே எழுதினால் இடம் சிதறிக் கிடக்கும், பிறகு ஏதாவது மீட்க வேண்டி வந்தால் வேலை கடினமாகும். பந்தியில் உட்கார்ந்தபடி படங்களைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டு இன்றைக்கு விற்கும் விலைக்கு அந்தச் சிக்கனம் தேவையா என்று தோன்றும்.

சில கேமராக்களில் ‘லோ லெவல் ஃபார்மேட்’ என்று ஒரு வசதி உண்டு. அது அட்டவணையோடு நிற்காமல் முழுக் கார்டையும் துடைக்கும். வழக்கத்தைவிடக் கார்டு மெதுவாக எழுதுகிறது என்று தோன்றும்போது எப்போதாவது இதைச் செய்தால் வேகம் திரும்பும். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதில்லை. இதைச் செய்த பிறகு பழைய படங்களை மீட்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கார்டின் மேல் எழுதியிருப்பவை

கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுக்கும்போதுதான் அது உதவும். படமெடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். யுஹெச்எஸ்-1 என்ற வகையின் எல்லையே நொடிக்கு 104 எம்பிதான். அந்தக் கார்டில் 170, 200 என்று போட்டிருந்தால் அந்த நிறுவனத்தின் தனி ரீடரில் போட்டால் கிடைக்கும் வேகம் என்று புரிந்துகொள்ளுங்கள். பின்பக்கம் இரண்டு வரிசையாகத் தங்க நிற முனைகள் இருந்தால் அது யுஹெச்எஸ்-2, 312 எம்பி வரை போகக்கூடியது. ஆனால் உங்கள் கேமராவும் அந்த வகையாக இருந்தால்தான் பலன்.

வீடியோ எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது ‘வி’ என்ற எழுத்தோடு வரும் எண்ணை. வி30 என்றால் எவ்வளவு நேரம் எழுதினாலும் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். வி60, வி90 அதே வரிசை. கேமராவில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. அதற்கு வி30 தாராளம். 400 எம்பிபிஎஸ் என்றால் 50 எம்பி, அங்கே வி60 வேண்டும். இது தெரியாமல் வேகம் குறைந்த கார்டைப் போட்டால் பதிவு பாதியில் நிற்கும். நாம் ‘கார்டு போயிடுச்சு’ என்று நினைப்போம்.

போலி கார்டு தனிக் கொடுமை. உள்ளே 8 ஜிபி சில்லை வைத்து, 128 ஜிபி என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி, பெயர்பெற்ற நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே விழும். கேமராவும் கம்ப்யூட்டரும் எந்த எரரும் காட்டாது. வீட்டுக்கு வந்து திறந்தால்தான் தெரியும். புதுக் கார்டு வாங்கிய அன்றே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகளில் ஒன்றை ஓட்டிவிடுங்கள். கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய கார்டென்றால் மணிக்கணக்கில் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். போலி மட்டும் இல்லாமல், தொழிற்சாலையிலிருந்தே குறையோடு வந்த அசல் கார்டும் இதில் மாட்டும்.

வெயில், உப்புக் காற்று, சலவை

எஸ்டி கார்டு பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலிருந்து 85 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டாலும் அன்றைக்கே சாகாது. ஆனால் சூடு ஏற ஏற எலெக்ட்ரான்கள் வேகமாகக் கசியும். காரில் நிரந்தரமாகக் குடிவைப்பது நல்லதில்லை. காந்தத்தால் ஒன்றும் ஆகாது. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும் எக்ஸ்ரேயாலும் ஒன்றும் ஆகாது, பிலிம் காலத்துப் பயம் அது. சட்டைப் பையோடு சலவைக்குப் போன கார்டுகூட நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஈரத்தோடு கேமராவில் செருகுவதுதான் ஆபத்து.

உண்மையில் நலிவது அந்தத் தங்க நிற முனைகளும் பிளாஸ்டிக் உடம்பும்தான். விரல் வியர்வை, கடற்கரை உப்பு, ஹோமப் புகையின் பிசுக்கு எல்லாம் முனைகளில் படியும். ‘கார்டு இல்லை’ என்று கேமரா ஒரு நேரம் காட்டி, எடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பஞ்சு போன்ற உலர்ந்த துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டுத் துடையுங்கள், காயவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. தங்கப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் போய்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும், லாக். அது கார்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. அங்கே இருக்கும் பள்ளம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை ஸ்லாட்டில் உள்ள ஒரு நெம்புகோல் தொட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். நாள்பட அந்த விசை தளர்ந்து, செருகும்போதே கீழே நகர்ந்துவிடும். அல்லது உடைந்து விழுந்துவிடும். பள்ளம் திறந்துவிட்டால் கேமரா ‘கார்டு லாக் ஆகியிருக்கிறது’ என்று சொல்லிப் படமெடுக்க மறுக்கும். மண்டபத்தில் மாட்டிக்கொண்டால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை இறுக ஒட்டிச் செருகலாம், வேலை செய்யும். ஆனால் அது அன்றைக்கு மட்டும். டேப் உள்ளே பிசுபிசுத்து ஸ்லாட்டில் மாட்டிக்கொண்டால் செலவு கேமராவுக்கு. உடம்பு விரிந்த, ஓரம் பிளந்த கார்டையும் அதே காரணத்துக்காகவே தூக்கிப் போட வேண்டும். பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் இது இன்னும் கடுமை. அதன் 50 ஊசிகளும் கேமராவுக்குள்தான் இருக்கும். கோணலாகச் செருகி ஒன்று வளைந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

மலிவான ரீடரை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கார்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஆட்டம் காணும் ரீடரில் போட்டு, காப்பி நடுவில் தொடர்பு விட்டுப்போய் எரர் வந்தால் பழி கார்டின் மேல் விழுகிறது. காப்பி எடுக்கும்போது ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்யாதீர்கள். காப்பி மட்டும் செய்யுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பாருங்கள்.

படங்களைக் கார்டிலேயே பத்திரமாக வைத்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அடைபட்ட எலெக்ட்ரான்கள் வருஷக்கணக்கில் மெல்லக் கசிபவை. நிறையத் தேய்ந்த கார்டில் இன்னும் சீக்கிரம். பீரோவில் வைத்த கார்டைப் பல வருஷம் கழித்து எடுத்தால் படங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கார்டு என்பது மண்டபத்திலிருந்து வீடு வரை படத்தைக் கொண்டுவரும் வண்டி. வீட்டில் இறக்கி வைக்க ஹார்டு டிஸ்க் வேண்டும், இன்னொரு பிரதி வேறு இடத்தில் வேண்டும்.

படம் போய்விட்டால்

முதலில் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது. அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். முன்னால் சொன்ன நல்லது இங்கேதான் உதவுகிறது. சாதாரணமாக அழித்தாலும் ஃபார்மேட் செய்தாலும் போவது அட்டவணை. படத்தின் தரவு, அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும் வரை, பெரும்பாலான கார்டுகளில் அப்படியே கிடக்கும்.

கம்ப்யூட்டரில் செருகியதும் ‘இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். ‘இதில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா?’ என்று கேட்டாலும் உடனே சம்மதிக்க வேண்டாம். அது அட்டவணையைச் சரிசெய்கிறேன் என்று படங்களைப் பெயர் தெரியாத துண்டுக் கோப்புகளாக மாற்றிவிடக்கூடும். முதலில் தெரிகிற படங்களை வெளியே எடுங்கள்.

போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அட்டவணையை நம்பாமல் கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ‘இது ஜேபெக்கின் தொடக்கம், இது ராவின் தொடக்கம்’ என்று அடையாளம் கண்டு எடுக்கும். பழைய பெயர்கள் திரும்பி வராது, படங்கள் வரும். தரவு துண்டு துண்டாகச் சிதறியிருந்தால், குறிப்பாகப் பெரிய வீடியோக்கள், முழுதாக வராமல் போகலாம். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியவற்றின் மேலேயே எழுதுகிறீர்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் கார்டு தெரியவே இல்லை என்றால் மென்பொருளால் ஆகாது. சில்லிலிருந்து நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன, செலவும் அதற்கேற்ப இருக்கும்.

தாலி கட்டு மாதிரி திரும்ப எடுக்க முடியாத வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில், இரண்டு கார்டிலும் ஒரே படம் பதியும்படி ‘பேக்கப்’ முறையை வைத்துவிடுவது எந்த விலையுயர்ந்த கார்டையும்விடப் பெரிய பாதுகாப்பு. ஒரு ஸ்லாட் மட்டும் இருந்தால் 256 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி நான்கு. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் போடுங்கள், எடுத்து முடித்ததைப் பெட்டியில் குப்புற வையுங்கள். எந்தக் கார்டு அடிக்கடி முரண்டு பிடிக்கிறது என்பதும் எண் இருந்தால்தான் ஞாபகம் இருக்கும்.

எப்போது ஓய்வு கொடுப்பது?

கார்டுக்குப் பேட்டரிபோல ஆயுள் காட்டும் கோடு கிடையாது. சோனி, புரோகிரேடு போன்ற சில நிறுவனங்கள் தங்கள் கார்டுகள் சிலவற்றுக்கு ஆயுளைக் காட்டும் மென்பொருளைத் தருகின்றன. மற்றவற்றில் அறிகுறிகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கார்டு இரண்டு கேமராவிலும் எரர் காட்டுவது, ஃபார்மேட் முடியாமல் நிற்பது, எழுதும் வேகம் விழுந்து லோ லெவல் ஃபார்மேட்டுக்குப் பிறகும் ஏறாமல் இருப்பது, காப்பி எடுக்கும்போது சில கோப்புகளில் மட்டும் சிக்குவது. இவற்றில் ஒன்று ஒருமுறை வந்தால் ரீடரையும் முனைகளையும் சந்தேகியுங்கள். இரண்டாம் முறை வந்தால் சந்தேகம் வேண்டாம், அந்தக் கார்டு இனி காசு வாங்கும் வேலைக்குப் போகக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாத கார்டை வயதை மட்டும் வைத்துத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று நான்கு முகூர்த்த சீசன் முழுக்க ஓடிய கார்டை முதல் ஸ்லாட்டிலிருந்து இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றுவது ஒரு நடுவழி.

நன்றாக இருந்தும் சிறிதாகப் போன பழைய 4 ஜிபி, 8 ஜிபி கார்டு ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க அதுவே போதும். வேறு யாருக்காவது கொடுப்பதென்றால் சாதாரண ஃபார்மேட் போதாது, அதே போட்டோரெக்கை அவர்களும் ஓட்டலாம். ஹெச்2டெஸ்ட்டபிள்யூவை ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டுக் கொடுங்கள். கெட்டுப்போனதை எறிவதென்றால் கத்தரியால் நடுவில் வெட்டி, மின்கழிவோடு சேருங்கள்.